அம்பாசிடர் டேஷ்போர்டில் புது மீட்டர்கள்: வாங்குமுன் அளப்பது முதல் கிலோமீட்டர் கல் வரை

1489 சிசி இன்ஜின் உள்ள பழைய அம்பாசிடரை மனத்தில் வைத்து எழுதியது இது. பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் மரை அளவு, ஒயர் நிறம் தவிர பெரும்பாலானவை பொருந்தும். பெட்ரோல், டெம்பரேச்சர், ஆயில் பிரஷர், வோல்ட், ஆர்பிஎம், வேகம் ஆகிய ஆறில் எது வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆறும் ஒரே நாளில் வேண்டாம். இன்ஜினைக் காப்பாற்றுவது டெம்பரேச்சரும் ஆயில் பிரஷரும்தான். அந்த இரண்டை முதலில் போட்டு, ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: மீட்டரை முதலில் வாங்கிவிட்டு, வண்டியில் இருக்கும் சென்சாரை அதோடு சேர்க்கப் பார்ப்பது. மீட்டரும் சென்சாரும் ஜோடி. ஜோடி மாறினால் முள் ஆடும், ஆனால் பொய் சொல்லும்.

1. பேட்டரியின் எந்த முனை பாடியில் இருக்கிறது?

பானெட்டைத் திறந்ததும் முதலில் இதைப் பாருங்கள். இன்று கடையில் கிடைக்கும் மீட்டர்கள் எல்லாம் நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியில் இணைந்த வண்டிக்கானவை. டைனமோ (ஆல்டர்னேட்டருக்கு முன்பு பேட்டரியைச் சார்ஜ் செய்தது) உள்ள பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்திருக்கலாம். அந்த வண்டியில் எலக்ட்ரானிக் மீட்டரைப் போட்டுச் சாவியைத் திருப்பினால் அது அந்த நொடியே போய்விடும், கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார்.

பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால் மாற்றும் வரிசை இது. பேட்டரியைக் கழற்றித் திருப்பி வையுங்கள். இரண்டு முனைகளின் தடிமன் வேறு என்பதால் கிளாம்ப் மாற்ற வேண்டியிருக்கும். இக்னிஷன் காயிலில் உள்ள இரண்டு ஒயர்களை இடம் மாற்றுங்கள், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது இனி மைனஸில் இருக்க வேண்டும். ஆம்மீட்டர் இருந்தால் அதன் இரண்டு ஒயர்களையும் மாற்றுங்கள். கடைசியாக, டைனமோவில் ‘எஃப்’ முனையின் ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு ஒயரால் அந்த முனையை இரண்டு மூன்று நொடி தொடுங்கள். சிறு பொறி பறக்கும், அது சரிதான். இதைச் செய்யாமல் ஓட்டினால் டைனமோ பழைய திசையிலேயே மின்சாரம் கொடுத்து, ரெகுலேட்டர் பெட்டியின் காண்டாக்டுகளைக் கருக்கிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொட வேண்டியதில்லை. பழைய ரேடியோ இருந்தால் மட்டும் அதை இணைப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

2. ஆர்சி, இன்சூரன்ஸ்: வேலைக்கு முன்பே முடிக்க வேண்டியவை

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்சியில் எழுதியுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. மீட்டர்கள் ஆர்சியில் வருவதில்லை, அதனால் தனி அனுமதி தேவைப்படாது. ஆனால் வேகமானி வண்டியில் இருந்தாக வேண்டும், அது 10 சதவீதத்துக்கு மேல் பிழை காட்டக் கூடாது.

சொந்தக் காருக்கு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை படிவம் 25இல் ஆர்சியைப் புதுப்பிக்கிறோம். முடியும் தேதிக்கு 60 நாள் முன்னதாக விண்ணப்பிக்கலாம். 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 ஆண்டு தாண்டிய காருக்குக் கட்டணம் 10,000 ரூபாய். இவ்வளவு கட்டி ஆய்வுக்குக் கொண்டுபோகும் வண்டியில் வேகமானி ஓடாமலோ இண்டிகேட்டர் விளக்கு எரியாமலோ இருந்தால் திருப்பி அனுப்பப்படலாம். எனவே புதுப்பிக்கும் தேதி மூன்று மாதத்துக்குள் வருகிறது என்றால், அதை முடித்துவிட்டு டேஷ்போர்டில் கை வையுங்கள்.

வண்டி 50 வயதைக் கடந்திருந்து, ‘விஏ’ எழுத்துள்ள விண்டேஜ் பதிவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 2021இல் வந்த அந்த விதி, வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. சேஸிஸ், பாடி, இன்ஜின் மாற்றங்களைத்தான் அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. என்றாலும் பார்க்க வருபவரின் கண்ணில் முதலில் படுவது டேஷ்போர்டு. பழைய மீட்டர் கொத்தை அப்படியே திரும்ப மாட்டும்படி வேலை செய்யுங்கள்.

இன்சூரன்ஸில், கம்பெனியில் வராத மின்சாதனங்களைத் தனியாகச் சொல்லி மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் அவற்றுக்கு இழப்பீடு கிடைக்கும். அதற்கு பில் வேண்டும். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

3. பெட்ரோல் டேங்க் ஃப்ளோட்டை அளப்பது

மீட்டர் வாங்கக் கடைக்குப் போகுமுன் இந்த ஒரு வேலையை முடித்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றுங்கள். டேங்கில் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் மிதவை சென்சாரான ஃப்ளோட் யூனிட்டின் ஒயரை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, முனைக்கும் பாடிக்கும் இடையே அளங்கள். டேங்க் ஏறக்குறைய காலியாக இருக்கும்போது ஒன்று, முழுதாக நிரப்பிய பின் ஒன்று. இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள்.

யூனிட்டையே வெளியே எடுத்து அளந்தால் இன்னும் நல்லது. மிதவை மாட்டிய கம்பியை மெதுவாக மேலே தூக்கும்போது எண் சீராக மாற வேண்டும். நடுவில் எண் மறைந்து மறைந்து வந்தால் உள்ளே கம்பிச்சுற்று தேய்ந்திருக்கிறது, அந்த யூனிட்டை எந்த மீட்டரோடும் சேர்க்க முடியாது. பித்தளை மிதவையாக இருந்தால் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்டால் ஓட்டை விழுந்துவிட்டது. டேங்க் முழுதாக இருந்தாலும் அது மூழ்கியே கிடக்கும். ஓட்டையைத் தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் பெட்ரோலை முழுக்க வெளியேற்றிய பிறகே ஈயம் வைக்க வேண்டும். ஆவி மிச்சமிருந்தால் சூட்டில் வெடிக்கும், ஆதலால் புதுசு வாங்குவதே நல்லது. டேங்க் திறந்திருக்கும்போது பக்கத்தில் டெஸ்ட் லேம்ப், செல்போன் சார்ஜர், பொறி வரும் எதுவும் கூடாது.

கிடைத்த எண்களுக்கு ஏற்ப மீட்டர்:

- காலியில் 240 ஓமை ஒட்டியும் முழுதில் 20 முதல் 33 வரையும் வந்தால், அமெரிக்க 240–33 வகை.
- காலியில் 10, முழுதில் 180 என்றால் ஐரோப்பிய விடிஓ வகை.
- காலியில் பூஜ்யம், முழுதில் 90 என்றால் 0–90 வகை.
- இதில் எதிலும் சேரவில்லை என்றால், நாமே காலி, முழு அளவைப் பதிய வைக்கும் புரோகிராமபிள் மீட்டர். அல்லது ஃப்ளோட் யூனிட்டையே மீட்டருக்கு ஜோடியாக மாற்றுவது.

திசை மாறி வாங்கினால் டேங்க் நிரம்பியதும் முள் காலியில் போய் நிற்கும். அதை எந்த ஒயரை மாற்றியும் சரிசெய்ய முடியாது.

இன்னொன்று. சில வண்டிகளில் பழைய மீட்டர்களுக்கு 10 வோல்ட் கொடுக்கும் சிறு ஸ்டெபிலைசர் பெட்டி மீட்டர் கொத்தின் பின்னால் இருக்கும். புது மீட்டரின் பாசிட்டிவை அதிலிருந்து எடுக்காதீர்கள், குறைவாகக் காட்டும். பழைய பெட்ரோல் மீட்டரை வைத்துக்கொள்வதாக இருந்தால் அதற்கு மட்டும் அந்தப் பெட்டி இருக்கட்டும்.

4. வாங்கும்போது கேட்க வேண்டியவை

சின்ன மீட்டர்களுக்கு 52 மி.மீ. பொது அளவு. ஸ்பீடோமீட்டரும் ஆர்பிஎம்மும் 80, 85, 100 மி.மீ. எனப் பல அளவில் வரும். விட்டத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பின்பக்க நீளத்தையும் அளங்கள், பிளக்குக்கும் ஒயர் வளைவதற்கும் இன்னும் 30 மி.மீ. சேருங்கள். வைப்பர் இணைப்புக் கம்பி அங்கே ஆடிக்கொண்டிருக்கிறது என்பதை டேஷ்போர்டு மூடியிருக்கும்போது யாரும் நினைப்பதில்லை.

ஆயில் பிரஷருக்கு 0–100 பிஎஸ்ஐ, அதாவது 0–7 பார் அளவு எடுங்கள். சூடான இன்ஜின் ஓடும்போது 50ஐ ஒட்டியும், ஐடிலில் 15 முதல் 25 வரையும் இருக்கும். காலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டில் இன்னும் மேலே போகும். 5 பார் மீட்டரில் முள் கடைசியில் முட்டி நிற்கும். ஆயிலையே குழாய் வழியாக டேஷ்போர்டுக்குள் கொண்டுவரும் மெக்கானிக்கல் மீட்டர் மலிவு, துல்லியமும் கூட. ஆனால் அதோடு வரும் நைலான் குழாய் வெடித்தால் கொதிக்கும் ஆயில் காலில் கொட்டும். அதனால் மின்சார வகையைத்தான் வாங்கச் சொல்வோம்.

டெம்பரேச்சர் மீட்டர் 40–120 டிகிரி என்றால் சென்சாரும் 120 டிகிரி வகைதானா என்று அட்டையில் பாருங்கள். 150 டிகிரி சென்சாரும் பார்க்க அதே போல இருக்கும்.

செலவுக் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். சென்சாருடன் சாதாரண 52 மி.மீ. மீட்டர் ஒன்று 1,000 முதல் 2,500 ரூபாய். பெயருள்ள கம்பெனியில் 3,500 முதல் 7,000. ஜிபிஎஸ் ஸ்பீடோமீட்டர் 5,000 முதல் 12,000. பலகை, ஒயர், ஃபியூஸ் பெட்டி, அடாப்டர்கள் சேர்த்து 4,000 வரை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் கூலி தனி. சென்னையில் கார் சாதனங்களுக்கு ஜிபி ரோடு, பழைய வண்டிப் பாகங்களுக்குப் புதுப்பேட்டை, ஒயர், கனெக்டர், மல்டிமீட்டர் போன்றவற்றுக்கு ரிச்சி தெரு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் கூரியர்க் கட்டணமும் மேலே ஏறும், மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். எல்லாப் பொருளும் கைக்கு வராமல் பழைய மீட்டரைக் கழற்றாதீர்கள்.

5. மேசையில் வைத்து சோதனை

வண்டியில் மாட்டுமுன் ஒரு 12 வோல்ட் பேட்டரியோடு ஒவ்வொன்றையும் இணைத்துப் பாருங்கள். டெம்பரேச்சர் சென்சாரின் பித்தளை உடலை நெகட்டிவோடு சேர்த்து, முனை நனையாமல் மரைப்பகுதி வரை கொதிக்கும் நீரில் தொங்க விடுங்கள். முள் 100ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஊட்டியில் செய்தால் 93 அளவில்தான் நிற்கும், அங்கே தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதித்துவிடும். பத்து டிகிரி தள்ளிக் காட்டினால் சென்சார் ஜோடி தவறு. கடையில் மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

6. சென்சார்களை இன்ஜினில் பொருத்துவது

டெம்பரேச்சர் சென்சாரின் இடம் சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கம், தெர்மோஸ்டாட்டுக்கு (சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) கீழே. இந்தக் குடும்ப இன்ஜின்களில் அங்கே 5/8 அங்குல யுஎன்எஃப் மரை வரும். பட்டறையில் ‘அஞ்சு நூல்’ என்றால் புரியும். புது சென்சாரின் மரை சிறியது, நடுவில் பித்தளை அடாப்டர் தேவை. ரேடியேட்டரிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் இறக்கிவிட்டு, இன்ஜின் ஆறிய பிறகு செய்யுங்கள். அடாப்டர் ரொம்ப நீளமாக இருந்தால் சென்சாரின் நுனி ஓடும் தண்ணீரைத் தொடாது, முள் எப்போதும் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாகவே காட்டும். ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி நடுவில் அடாப்டர் வைப்பது சுலபம்தான். ஆனால் அது தெர்மோஸ்டாட்டுக்கு அப்பால் இருக்கிறது, தண்ணீர் குறைந்துபோனால் சென்சார் காற்றில் நிற்கும். இன்ஜின் காய்ந்துகொண்டிருக்கும்போது முள் இறங்கும்.

ஆயில் சென்சார் மரையில்தான் பலர் இன்ஜின் பிளாக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 1/8 அங்குல என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) மரையில் அங்குலத்துக்கு 27 சுற்று, 1/8 அங்குல பிஎஸ்பியில் (பிரிட்டிஷ் குழாய் மரை) 28. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போவது போலத்தான் இருக்கும். கையால் இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு போகும், மூன்றாவதில் இறுகும். அந்த இடத்தில் ஸ்பேனர் எடுக்காதீர்கள். கழற்றிய பழைய சுவிட்சை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போய், மரை கேஜ் வைத்துப் பார்த்து அடாப்டர் கடைந்து வாங்குங்கள். இருநூறு ரூபாய் வேலை.

பழைய ஆயில் எச்சரிக்கை விளக்கை எடுக்க வேண்டாம். முள்ளைப் பார்க்காத நேரத்தில் கண்ணை இழுப்பது அந்தச் சிவப்பு விளக்குதான். ‘T’ வடிவ இணைப்புத் துண்டு (டீ) போட்டு சுவிட்ச், சென்சார் இரண்டையும் வைக்கலாம். ஆனால் பெரிய சென்சாரை பிளாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் டீயிலேயே தொங்கவிட்டால், இன்ஜின் அதிர்வில் பித்தளை கழுத்து விரிசல் விட்டு ஆயில் முழுக்க ரோட்டில் போகும். துணி பின்னிய சிறு ஹைட்ராலிக் ஹோஸ் வழியாக ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) கிளாம்ப் போட்டுப் பொருத்துங்கள்.

ஒற்றை முனை சென்சார்களுக்கு அவற்றின் உடலே எர்த். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி வைத்தால் எர்த் அறுந்து முள் தாறுமாறாக ஆடும். டேப் வேண்டாம். மரையின் நடுப்பகுதியில் மட்டும் கொஞ்சம் திரவ சீலன்ட் போதும். ஃபயர்வாலில் வைத்த சென்சாருக்குத் தனி எர்த் ஒயர் கொடுங்கள்.

7. டேஷ்போர்டை வெட்டாமல் பலகை செய்வது

அசல் தகட்டில் ஹோல்சா (வட்டத் துளை வெட்டும் ரம்பம்) வைத்துவிட்டால் திரும்பப் பழையபடி ஆக்க டின்கர் வேலையும் பெயின்ட்டும் வேண்டும். அதை வெட்டாதீர்கள். பழைய மீட்டர் கொத்து வெளியே வந்த இடத்தை மூடும்படி 3 மி.மீ. அலுமினியத் தகடு, அல்லது 6 மி.மீ. மெரைன் பிளைவுட் மேல் தேக்கு வெனீர். முதலில் அட்டையில் வெட்டி, அச்செடுத்த மீட்டர் முகங்களை ஒட்டி, சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பாருங்கள். ஸ்டியரிங் வளையத்தின் மேல் விளிம்பு ஆயில் மீட்டரை மறைக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். உயரமானவர், குள்ளமானவர் இருவரும் ஓட்டும் வண்டி என்றால் இருவரையும் உட்கார வையுங்கள்.

இண்டிகேட்டர், ஹை பீம், சார்ஜ், ஆயில் விளக்குகளுக்குப் பலகையில் இடம் விட மறக்க வேண்டாம். அட்டை சரியென்றான பிறகு லேசர் வெட்டும் கடையில் கொடுத்தால் ஒரு நாளில் கிடைக்கும்.

8. ஒயரிங்

பழைய கொத்தைக் கழற்றுமுன் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து, ஒவ்வொரு ஒயரிலும் எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். லூகாஸ் (பிரிட்டிஷ் மின்சாதனக் கம்பெனி) நிற முறையில் பழுப்பு எப்போதும் உயிருள்ள ஒயர். வெள்ளை சாவிக்குப் பின், பச்சை சாவிக்குப் பின் ஃபியூஸ் வழியாக வருவது, கறுப்பு எர்த். பச்சையில் கறுப்புக் கோடு பெட்ரோல் ஃப்ளோட்டுக்கு, பச்சையில் நீலக்கோடு டெம்பரேச்சருக்கு, வெள்ளையில் பழுப்புக் கோடு ஆயில் விளக்குக்கு. நாற்பது வருட வண்டியில் யாராவது இடையில் கையில் கிடைத்த நிறத்தை ஒட்டியிருப்பார்கள். நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள்.

எல்லா மீட்டருக்கும் சேர்த்துப் பச்சையிலிருந்து ஒரு 5 ஆம்ப் ஃபியூஸ். மீட்டருக்கு மீட்டர் 0.75 அல்லது 1 சதுர மி.மீ. ஒயர் போதும். எர்த் மட்டும் தாராளமாக, எல்லாக் கறுப்பையும் ஒரு பட்டையில் சேர்த்து, 2.5 சதுர மி.மீ. ஒயரில் பெயின்ட் சுரண்டிய பாடி போல்ட்டுக்கு. ஹெட்லைட் போட்டதும் எல்லா முள்ளும் ஒன்றாக நகர்ந்தால் கோளாறு மீட்டரில் இல்லை, இந்த எர்த்தில் இருக்கிறது.

ஒயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சென்னை வெயிலில் ஒரே கோடையில் பசை உருகி அவிழ்ந்துவிடும். கிரிம்ப் லக், மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். ஃபயர்வால் துளையில் ரப்பர் குரோமெட் கட்டாயம்.

ஆம்மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் போடுகிறீர்கள் என்றால், ஆம்மீட்டரில் இருந்த இரண்டு தடித்த ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்து போல்ட் போட்டு நன்றாக இன்சுலேட் செய்யுங்கள். வண்டியின் மொத்த மின்சாரமும் அதில்தான் போகிறது. வோல்ட் மீட்டர் அந்த இடத்தில் வராது, அது பச்சைக்கும் எர்த்துக்கும் இடையே வரும். அந்த இரண்டு தடித்த ஒயர்களையும் வோல்ட் மீட்டரின் இரண்டு முனையில் மாட்டினால் சாவி போட்டாலும் வண்டியில் ஒன்றும் வேலை செய்யாது. நின்ற வண்டியில் 12.6, ஆல்டர்னேட்டர் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். டைனமோ வண்டியில் ஐடிலில் விளக்குப் போட்டால் 12க்குக் கீழேயும் இறங்கும், அது இயல்பு.

ஆல்டர்னேட்டர் வண்டியில் சார்ஜ் விளக்குக்கு எல்இடி போட்டால் சார்ஜே ஆகாமல் போகலாம். அந்தச் சின்ன 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் மின்சாரம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. எல்இடி வேண்டுமென்றால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் போடுங்கள். அது சுடும், பிளாஸ்டிக்கைத் தொடாமல் வையுங்கள்.

9. ஆர்பிஎம், வேகம்

ஆர்பிஎம் மீட்டரின் சிக்னல் ஒயர் காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மைனஸ் முனைக்கு. பின்னால் உள்ள சுவிட்சை 4 சிலிண்டரில் வையுங்கள். 8இல் இருந்தால் பாதிதான் காட்டும். பிளக் ஒயர்களை ஒட்டிக் கொண்டுவந்தால் முள் துள்ளும். டீசல் அம்பாசிடரில் காயில் கிடையாது, ஆல்டர்னேட்டரின் ‘டபிள்யூ’ முனையிலிருந்து சிக்னல் எடுக்கும் வகை மீட்டர் வேண்டும்.

வேகத்துக்கு இரண்டு வழி. ஜிபிஎஸ் வகைக்கு கேபிளும் வேண்டாம், அளவு திருத்தமும் வேண்டாம். ஆனால் சாவி போட்டதும் வானத்தைப் பிடிக்க ஒரு நிமிடம் வரை ஆகும், அடித்தள பார்க்கிங்கில் வேலை செய்யாது. ஆன்டெனாவை இரும்பு டேஷ்போர்டுக்கு உள்ளே ஒளிக்காதீர்கள், கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். இன்னொன்று, கியர் பாக்ஸில் கேபிள் மாட்டும் இடத்தில் திருகும் பல்ஸ் சென்சார். ஆய்வுக்குப் போகும் வண்டிக்கு இதுவே நல்லது, நின்ற இடத்திலிருந்தே முள் எழும். கழற்றிய கேபிளை எறியாதீர்கள்.

பழைய ஓடோமீட்டர் எண்ணைத் தேதியோடு போட்டோ எடுத்து, சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். புது மீட்டர் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். விற்கும்போது வாங்குபவரிடம் காட்ட வேண்டிய கணக்கு அது.

10. முதல் ஸ்டார்ட்

ஃபியூஸைப் பிடுங்கி வைத்து, பேட்டரியை மாட்டி, சாவியைப் போடுங்கள். எதுவும் சுடவில்லை என்றால் ஃபியூஸைப் போடுங்கள். சென்சார் ஒயரைக் கழற்றி எர்த்தில் தொட்டால் முள் ஒரு கடைசிக்கும், தொடாமல் விட்டால் மறு கடைசிக்கும் போக வேண்டும். போனால் மீட்டரும் ஒயரும் சரி, மிச்சக் கோளாறு சென்சாரில். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் முள் சில நொடியில் எழவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு டீயைப் பாருங்கள். இருபது நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு எல்லா மரையையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும். தண்ணீர் இறக்கிய வண்டி, ரேடியேட்டரில் காற்று நிற்கும். ஆறியபின் மறுபடி நிரப்புங்கள்.

வேக அளவுக்கு நெடுஞ்சாலை கிலோமீட்டர் கற்கள் போதும். 60இல் சீராகப் போனால் ஐந்து கிலோமீட்டர் தாண்ட ஐந்து நிமிடம் ஆக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தவர் ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். பல்ஸ் சென்சார் மீட்டரில் பதிவு பட்டனை ஒரு கல்லில் அழுத்தி அடுத்த கல்லில் விட்டால் அளவு பதிந்துவிடும். கல் நகர்த்தி வைக்கப்பட்டிருக்கலாம் என்பதால் வேறு இரண்டு கற்களுக்கு இடையிலும் ஒருமுறை செய்து பாருங்கள்.

கழற்றிய கொத்து, பழைய சென்சார், கேபிள், ஸ்டெபிலைசர், எண் ஒட்டிய ஒயர் படம் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு, வண்டி எண்ணை மேலே எழுதி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.